‘உயரலாம்’ என்று சொன்னவரின் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள்

2022 மே மாதம் முதல் வாரம். பஞ்சு ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. திருப்பூரில் மாதத்தின் முதல் தேதியில் மில்லுக்காரர்கள் நூல் விலை அறிவிப்பார்கள். அந்த மாதம் ஒரே அடியில் கிலோவுக்கு 40 ரூபாய் ஏற்றினார்கள். அன்று ராத்திரி டிவியில் ஒரு சந்தை நிபுணர், தீபாவளிக்குள் கேண்டி ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டும் என்று அடித்துச் சொன்னார். மறுநாள் காலை, நான் தம்பி என்று கூப்பிடும் எங்கள் நூல் புரோக்கரும் அதையே சொன்னார். மதியம் வாட்ஸ்அப் குரூப்பிலும் அதே எண் வந்தது.

மூன்று பேர் சொல்கிறார்களே என்று பேங்க் ஓ.டி. கடன் கணக்கிலிருந்து பணம் எடுத்து 3 டன் நூல் வாங்கிப் போட்டேன். எங்களுடையது சிறிய கம்பெனி. நூல் வாங்கி, வெளியே நிட்டிங்கும் டையிங்கும் செய்து, பதினாலு பேரை வைத்துத் தைத்து உள்நாட்டுக்கு டி-சர்ட் அனுப்புகிறோம். கணக்கு வழக்கும் கொள்முதலும் என் பொறுப்பு. எங்களுக்கு 3 டன் என்பது இரண்டரை மாதத்துக்கான நூல்.

அதன் பிறகு நடந்ததை ஊரே அறியும். மே 16, 17 தேதிகளில் நூல் விலை உயர்வைக் கண்டித்துத் திருப்பூரில் வேலைநிறுத்தம் நடந்தது. அதே மே மாதம் நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டு பஞ்சு 150 செண்டுக்கு மேல் போயிருந்தது. அக்டோபர் கடைசியில் அது 75 செண்டுக்கும் கீழே கிடந்தது. இங்கே கேண்டி அந்த வருடம் முடிவதற்குள் 70 ஆயிரத்துக்கும் கீழ் வந்துவிட்டது. ஆர்டரும் சுருங்கியதால் நூல் குடோனிலேயே கிடந்தது. கிலோவுக்கு 100 ரூபாய் வீதம் 3 லட்சம் நஷ்டம், ஓ.டி. வட்டி தனி. அந்த தீபாவளிக்கு போனஸை இரண்டு தவணையாகத்தான் கொடுக்க முடிந்தது. இரண்டாவது தவணை கார்த்திகை தீபம் கழிந்துதான். வருடம் முழுக்க உழைத்தவர்கள் கையில் பாதிக் கவரை வைத்தது இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை.

அந்த மார்கழியில்தான், யார் என்ன கணித்தார்கள் என்று எழுதி வைக்கும் இந்த நோட்டைத் தொடங்கினேன். செய்தியையும் நிபுணர் பேச்சையும் எப்படிக் காதில் வாங்குவது என்று நான் கற்றுக்கொண்டதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். நூல் வாங்குகிறவருக்கு மட்டுமல்ல, மகள் கல்யாணத்துக்கு நகை எடுக்கிறவருக்கும் வீட்டுக் கடன் வாங்குகிறவருக்கும் இது பொருந்தும்.

நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். குறுக்கே ஏழு கட்டம் போடுங்கள். கேட்ட தேதி, சொன்னவர் யார், என்ன எண் சொன்னார், எந்தத் தேதிக்குள், அன்றைய விலை என்ன, அது நடந்தால் சொன்னவருக்கு என்ன ஆதாயம், கடைசியில் நடந்தது என்ன. ஏழாவது கட்டத்தைக் காலியாக விடுங்கள். சொன்ன தேதி வரும்போது நிரப்பிக்கொள்ளலாம்.

முதல் பக்கத்தில் 20 வரி எழுதினேன். ஆறு மாதம் கழித்து மதிப்பெண் போட உட்கார்ந்தால், 13 வரிகளுக்குச் சரி என்றும் போட முடியவில்லை, தப்பு என்றும் போட முடியவில்லை. எண் இருந்தால் தேதி இல்லை. தேதி இருந்தால் எண் இல்லை. எழுதி வைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பதின்மூன்றும் ‘அவர் அன்றைக்கே சொன்னாரே’ என்றுதான் என் நினைவில் நின்றிருக்கும். நடந்ததற்கு ஏற்ற மாதிரி நம் நினைவு பழைய பேச்சைத் திருத்திக்கொள்கிறது. மையில் எழுதியது திருந்தாது.

அன்றைய விலைக்கு ஒரு கட்டம் எதற்கு என்று கேட்பீர்கள். மூன்று மாதம் கழித்து விலை என்னவாக இருக்கும் என்று எதுவுமே தெரியாத ஒருவரிடம் கேட்டால், ‘இப்போ இருக்கிற விலைதான்’ என்பார். நிபுணர் சொன்ன எண், அந்தத் தெரியாதவர் சொன்னதைவிட உண்மைக்கு நெருக்கமாக வந்ததா? அதைத்தான் பார்க்க வேண்டும். விலை 5 ரூபாய் ஏறியபோது, 40 ரூபாய் ஏறும் என்றவர் ‘ஏறும் என்றேன், ஏறிவிட்டது’ என்று தோளைத் தட்டிக்கொள்வார். ஆனால் மாறாது என்று சொன்னவருக்கு 5 ரூபாய்தான் பிழை, இவருக்கு 35 ரூபாய்.

‘லாம்’, ‘கூடும்’, ‘வாய்ப்பு உள்ளது’

நம் மொழியில் ஒரு விகுதி இருக்கிறது. ‘உயரலாம்’ என்றால் உயராமலும் இருக்கலாம். அதைச் சொன்னவர் ஒருநாளும் தோற்க மாட்டார். ‘குறையக்கூடும்’, ‘எதிர்பார்க்கப்படுகிறது’, ‘வாய்ப்பு உள்ளது’ எல்லாமே அப்படித்தான். ‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்றால் எதிர்பார்ப்பது யார்? வாக்கியத்தில் ஆளே இல்லை.

ஒரு செய்தியைப் படிக்கும்போது இந்தச் சொற்களுக்குக் கீழே பேனாவால் கோடு போடுங்கள். கோடு போட்டதை நீக்கிவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். ‘மில்கள் கிலோவுக்கு 10 ரூபாய் உயர்த்தியுள்ளன, மேலும் உயரலாம்’ என்ற வரியில் காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது செய்தி, பின்னால் இருப்பது காற்று. நடந்துவிட்டதையும் நடக்கப்போவதாகச் சொல்வதையும் ஒரே மூச்சில் கோத்துவிடுகிறார்கள். முதல் பாதி உண்மையாக இருப்பதாலேயே மறுபாதியும் உண்மை மாதிரி நம் காதுக்குள் இறங்கிவிடுகிறது. 2022-இல் நான் ஏமாந்தது சரியாக அந்த இடத்தில்தான். 40 ரூபாய் ஏறியது நிஜம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்றேகால் லட்சமும் உள்ளே வந்துவிட்டது.

இன்னொரு சொல் ‘எதிரொலி’. ‘போர் எதிரொலி: தங்கம் விலை உயர்வு’ என்று ஒருநாள் வரும். போர் நின்றிருக்காது, ஆனாலும் இரண்டு நாளில் விலை இறங்கும். அன்றைக்கு வேறொரு எதிரொலி கிடைத்துவிடும். விலை நகர்ந்த பிறகு தேடிப்பிடித்து ஒட்டுகிற காரணம் அது. காரணம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் முந்தின நாள் பேப்பரில் வந்திருக்க வேண்டுமே?

சத்தத்தை விழுக்காடாக மாற்றுங்கள்

‘அதிரடி’, ‘கிடுகிடு’, ‘தாறுமாறு’ என்ற சொற்களைப் பார்த்ததும் கால்குலேட்டரை எடுங்கள். சவரன் 70,000 ரூபாய் விற்கும்போது 80 ரூபாய் குறைந்தால் அது 0.11 விழுக்காடு. அதற்கும் ‘அதிரடி சரிவு’ என்று தலைப்பு போடுகிறார்கள். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 விழுக்காட்டிலிருந்து 6 ஆகக் குறைத்தார்களே, அது உண்மையான மாற்றம். இரண்டுக்கும் ஒரே அளவு எழுத்து, ஒரே சிவப்பு நிறம்.

பங்குச் சந்தைச் செய்திக்கும் இதே வழிதான். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாள், சென்செக்ஸ் 4,390 புள்ளி விழுந்தது. வரலாறு காணாத வீழ்ச்சி என்றார்கள். விழுக்காட்டில் அது 5.74. 1992 ஏப்ரல் 28-இல் சென்செக்ஸ் வெறும் 570 புள்ளிதான் விழுந்தது, ஆனால் அது 12 விழுக்காட்டுக்கு மேல். புள்ளி என்பது ஏணியின் படி மாதிரி. ஏணி நீளமானால் நூறு படிக்கும் ஆயிரம் படிக்கும் அர்த்தம் மாறிவிடும்.

அந்த ஜூன் வாரத்தையே கொஞ்சம் பாருங்கள். வாக்கெடுப்புக்குப் பிந்தைய கணிப்புகளை நம்பி திங்கட்கிழமை சந்தை 2,507 புள்ளி ஏறியது. செவ்வாய்க்கிழமை கணிப்பு பொய்த்து 4,390 விழுந்தது. வெள்ளிக்கிழமை 76,693-இல், திங்கட்கிழமை நின்ற இடத்துக்கும் மேலே போய் முடிந்தது. அந்த ஐந்து நாளும் டிவியே பார்க்காமல் வேலையைப் பார்த்த ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை பயந்து விற்றவருக்குத்தான் நஷ்டம். என் கூடப்பிறந்த தம்பி அதில் ஒருவன்.

விழுக்காடும் ஏமாற்றும். எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்க வேண்டும். 2021 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் பொருளாதாரம் 20.1 விழுக்காடு வளர்ந்தது என்று செய்தி வந்தபோது, எங்கள் தெருவில் பாதி ஷட்டர்தான் திறந்திருந்தது. எனக்குப் புரியவே இல்லை. எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும் என் மகள்தான் உட்கார வைத்துக் காட்டினாள். விலைவாசியைக் கழித்த கணக்கில், 2019-இன் அதே காலாண்டில் உற்பத்தி 35 லட்சம் கோடிக்கு மேல். ஊரடங்கு வந்த 2020-இல் 26.95 லட்சம் கோடி. 2021-இல் 32.38 லட்சம் கோடி. பள்ளத்தில் விழுந்தவர் பாதிக்கு மேல் ஏறி வந்திருக்கிறார், பழைய இடத்துக்கு இன்னும் வரவில்லை. கணக்கு தப்பில்லை. தலைப்பைப் படித்து நாமாக எடுத்துக்கொள்ளும் அர்த்தம்தான் தப்பு. அதனால் வளர்ச்சி என்று எதைப் பார்த்தாலும் முந்தின வருட எண்ணை மட்டுமல்ல, அதற்கும் முந்தின வருட எண்ணையும் தேடி எடுங்கள்.

பெரிய இடம் சொன்னாலும்

புரோக்கரும் யூடியூப்காரரும் தப்பாகச் சொல்வார்கள், பெரிய நிறுவனங்கள் அப்படியா என்று நானும் நினைத்தேன். நோட்டில் நான் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கும் ஒரு பக்கம் இது. இந்தியாவின் 2020–21 வளர்ச்சி பற்றி ஐ.எம்.எஃப் எனும் பன்னாட்டு நிதியம் சொன்னது: 2020 ஏப்ரலில் 1.9 விழுக்காடு வளரும். ஜூனில், 4.5 விழுக்காடு சுருங்கும். அக்டோபரில், 10.3 விழுக்காடு சுருங்கும். 2021 ஜனவரியில், 8 விழுக்காடு சுருங்கும். ஆண்டு முடிந்த பிறகு நம் அரசின் புள்ளிவிவர அலுவலகம் சொன்னது 7.3. அடுத்த வருடம் அதை 6.6 என்று திருத்தினார்கள், 2023-இல் 5.8 என்று திருத்தினார்கள். வருவது மட்டுமல்ல, போனது எவ்வளவு என்பதே 2023 வரை நகர்ந்துகொண்டிருந்தது.

அவர்களை நான் குறை சொல்லவில்லை. அப்படி ஒரு வருடத்தை யாரும் பார்த்ததில்லை. திருத்தியதை வெளிப்படையாகத்தான் திருத்தினார்கள். நான் சொல்வது, ஏப்ரல் மாதத்து 1.9-ஐக் கையில் வைத்துக்கொண்டு யாராவது மெஷின் வாங்கக் கடன் போட்டிருந்தால் அவர் கதி என்ன என்பதுதான்.

நன்றாக ஓடும்போதும் இதே கதைதான். 2022 அக்டோபரில் ப்ளூம்பெர்க் என்ற நிதிச் செய்தி நிறுவனத்தின் பொருளாதாரக் குழுவின் கணக்கு, அடுத்த 12 மாதத்தில் அமெரிக்காவில் பொருளாதார மந்தம் வருவதற்கு நூற்றுக்கு நூறு வாய்ப்பு என்றது. 2023-இல் அமெரிக்கா இரண்டரை விழுக்காட்டுக்குக் குறையாமல் வளர்ந்தது. பன்னாட்டு நிதியத்தில் வேலை பார்த்த பிரகாஷ் லுங்கானி என்ற பொருளாதார அறிஞர், 1990-களில் பல நாடுகளில் வந்த 60 மந்தங்களை எடுத்துப் பார்த்தார். ஒரு வருடம் முன்னால் நிபுணர்கள் கூட்டாகக் கணித்திருந்தது இரண்டே இரண்டைத்தான். பிலிப் டெட்லாக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 284 நிபுணர்களின் கணிப்புகளை ஏறத்தாழ இருபது வருடம் சேர்த்து வைத்து மதிப்பெண் போட்டார். அதிகம் பெயர் வாங்கி அடிக்கடி ஊடகத்தில் தோன்றியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வாங்கினார்கள். மகள் இதைச் சொன்னபோது, என் நாற்பது பக்க நோட்டைத்தான் அவரும் பெரிதாகப் போட்டிருக்கிறார் என்று தோன்றியது.

இதற்காக எல்லாரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். தன் பிழையின் அளவைத் தானே சொல்கிறவரை நான் மதிக்கிறேன். வானிலைத் துறை ஏப்ரலில் தென்மேற்குப் பருவமழைக் கணிப்பைச் சொல்லும்போது கூடவே, இதில் 5 விழுக்காடு கூடக் குறைய இருக்கும் என்று பிழையையும் சொல்கிறது. ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கை அறிக்கையில் விலைவாசிக் கணிப்பு ஒற்றைக் கோடாக இருக்காது, விசிறி மாதிரி விரிந்துகொண்டே போகும். தூரம் போகப் போக விசிறி அகலமாகும். ‘இவ்வளவு தூரம்தான் எங்களுக்குத் தெரியும்’ என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். டிவியில் வரும்போது அந்த விசிறியைச் சுருட்டி நடுவிலிருக்கும் ஒற்றை எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். முடிந்தால் மூல அறிக்கையைப் பாருங்கள். இங்கிலீஷ் வராவிட்டாலும் அந்தப் படம் புரியும்.

சொல்பவர் எதில் நிற்கிறார்

ஆறாவது கட்டத்தை நிரப்புவது சங்கடமான வேலை. நமக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். நூல் புரோக்கருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கமிஷன். நான் இன்றைக்கு வாங்கினால்தான் அவருக்குக் காசு. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஏறும் என்ற செய்தி அவர் காதில் சத்தமாக விழும், இறங்கும் என்ற செய்தி மெதுவாக விழும். யாருக்கும் அப்படித்தான். அன்று டிவியில் பேசியவர் பஞ்சு இருப்பு வைத்திருக்கும் வியாபாரியும்கூட என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. புரோக்கர் தம்பி அந்த நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் எனக்குச் சொன்னார். குரூப்பில் வந்ததும் அதே நிகழ்ச்சியிலிருந்து வெட்டியதுதான். மூன்று சாட்சி என்று நான் நினைத்தது ஒரே வாய். அதனால் இப்போது யாராவது ஒரு எண் சொன்னால், ‘உங்களுக்கு யார் சொன்னாங்க?’ என்று கேட்டு அதையும் எழுதுகிறேன். இரண்டு மூன்று பேரைப் பின்தொடர்ந்து போனால் பெரும்பாலும் ஒரே வாசலில் போய் நிற்கும்.

பங்குப் பரிந்துரை என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒரு தொலைக்காட்சியில் விருந்தினராக வந்த சில நிபுணர்கள், தாங்கள் சொல்லப்போகும் பங்குகளை முன்னதாகவே சிலருக்குச் சொல்லி வாங்க வைத்து, நிகழ்ச்சியைப் பார்த்து மக்கள் வாங்கியதும் அவர்கள் விற்றார்கள் என்று 2024 பிப்ரவரியில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி ஓர் இடைக்கால உத்தரவில் குற்றம் சாட்டியது. பரிந்துரைப்பவரிடம் செபி பதிவு எண் கேளுங்கள். ஆய்வாளர் என்றால் ஐ.என்.எச் என்றும், ஆலோசகர் என்றால் ஐ.என்.ஏ என்றும் தொடங்கும். செபியின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். பதிவு இருந்தால் கணிப்பு பலிக்கும் என்று அர்த்தமில்லை, ஏமாற்றினால் புகார் கொடுக்க ஒரு முகவரி இருக்கும், அவ்வளவுதான். என் தம்பி எஃப் அண்ட் ஓ எனும் முன்பேர வர்த்தகத்தில் இறங்கியதும் ஒரு டெலிகிராம் சேனலை நம்பித்தான். 2021–22 முதல் மூன்று ஆண்டில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியே கணக்குக் காட்டியிருக்கிறது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அவன் வீட்டில் என்ன நடந்தது என்பதை இங்கே எழுத எனக்கு மனசில்லை.

கணிப்பு தேவைப்படாத மாதிரி வாங்குங்கள்

என் மாமனார் பல்லடம் பக்கம் தக்காளி போட்டவர். விலை உச்சத்தில் இருக்கும்போது நாற்று நட மாட்டார். எல்லாரும் நடுவார்கள், எழுபது நாளில் எல்லார் காயும் ஒன்றாகச் சந்தைக்கு வரும் என்பார். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 200 ரூபாய் வரை போய், சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குக் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? அந்த மாதம் நாட்டின் சில்லறை விலைவாசி உயர்வு 7.44 விழுக்காடு. செப்டம்பரில் 5.02. இரண்டே மாதம்தான். டிவிக்காரர்கள் இன்று போகும் திசையிலேயே கோட்டை நீட்டுகிறார்கள். விலை ஏறியதும் விதைப்பவர், வாங்குபவர், அரசு எல்லாரும் வேறு மாதிரி நடக்கத் தொடங்குவதை அந்தக் கோடு பார்ப்பதில்லை. 2022-இல் பஞ்சிலும் அதேதான். ஏப்ரல் 14 முதல் இறக்குமதி வரி 11 விழுக்காட்டை எடுத்துவிட்டார்கள். வாங்குபவர்கள் ஆர்டரைத் தள்ளிப் போட்டார்கள். இரண்டும் மே மாதத்திலேயே என் கண் முன்னால் இருந்தன.

இப்போது என் முறை இது. ஒரு மாதத் தேவை 1,200 கிலோ என்றால் மூன்றாகப் பிரித்து 400 கிலோவாக, பத்து நாளுக்கு ஒருமுறை வாங்குகிறேன். ஏறினாலும் இறங்கினாலும் சராசரி விலை கிடைக்கும். அடிமட்ட விலை ஒருநாளும் கிடைக்காது, அதற்கு நான் சம்மதித்துவிட்டேன். ஓ.டி. பணத்தில் இருப்பு வைப்பதில்லை. ஆர்டர் பேசும்போதே, நூல் விலை கிலோவுக்கு 15 ரூபாய்க்கு மேல் மாறினால் பீஸ் விலையைத் திரும்பப் பேசுவோம் என்று ஒரு வரி எழுதிக்கொள்கிறேன். இதனால் இரண்டு பையர்கள் விட்டுப் போனார்கள், மிச்சம் பேர் ஒத்துக்கொண்டார்கள்.

எந்தக் கணிப்பைக் கேட்டாலும் ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்பேன். இவர் சொல்வதற்கு நேர் எதிராக நடந்தால் சனிக்கிழமைச் சம்பளம் போட முடியுமா? முடியும் என்றால் செய்யலாம். முடியாது என்றால், சொன்னவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் செய்வதில்லை. நகை எடுக்கிறவர் சம்பளத்துக்குப் பதில் கல்யாணச் செலவைப் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக் கடன் வாங்குகிறவர் வட்டி ஒரு விழுக்காடு ஏறினால் வரும் மாதத் தவணையைப் போட்டுக்கொள்ளுங்கள். செய்தி பார்ப்பதையும் வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைத்தேன். ஞாயிறு காலை அரை மணி நேரம், பேனாவும் நோட்டும் கையில் வைத்துக்கொண்டு.

போன மாதக் கடைசியில் புரோக்கர் தம்பி போன் போட்டார்.

“அக்கா, முதல் தேதி முப்பது ரூபா ஏத்தப் போறாங்க. இப்பவே ஒரு டன் எடுத்துப் போட்டுக்கோங்க.”

“சரிங்க தம்பி, நோட்டுல எழுதிக்கிறேன். முப்பது ரூபா, முதல் தேதி, உங்க பேரு.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“முப்பதுன்னு போட்டுடாதீங்கக்கா. பத்து, பதினஞ்சு ஏறலாமுங்க. ஏறாமயும் போகலாம்.”

அதை அப்படியே எழுதிக்கொண்டு, எப்போதும் போல 400 கிலோ அனுப்பச் சொன்னேன்.